வீட்டுக்கு ஒரு சேமிப்புக் கணினி: எந்தச் செயலி, எந்தத் தாய்ப்பலகை?

அலுவலகத்தில் ஓய்வு கொடுக்கப்பட்ட சர்வர் கணினி ஒன்று கிடைத்தால், அதைத் திறந்து, செயலியின்மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டையைக் கழற்றுங்கள். அடியில் இருக்கும் வெள்ளைப் பசையைத் துடைத்தால் பளபளப்பான உலோக மூடி தெரியும். அதில் 'இன்டெல் சியோன்' என்ற பெயர், ஓர் எண், வேகம் எல்லாம் பொறித்திருக்கும். பல செயலிகளில் அவற்றின் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் இருக்கும்: 'மலாய்'. மலேசியாவில் பொருத்திச் சோதிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது.

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொடங்கியது. ஏ.எம்.டி. நிறுவனமும் அதே ஆண்டுகளில் பினாங்குக்கு வந்தது. 1975இல் இன்டெல் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்து, மறுபடியும் எழுந்தது. சிலிக்கான் தகட்டில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களைச் செதுக்கும் வேலை வேறு நாட்டில் நடக்கும். அந்தத் தகட்டை வெட்டி, சிறு பலகையில் பொருத்தி, மூடி போட்டு, ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வேலைதான் இங்கே நடப்பது. நம் மலாக்காவும் இதில் சளைத்ததல்ல. பத்து பெரண்டாம் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் இன்ஃபினியோன், டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனங்களின் சில்லுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறி, இரவுப் பணிக்குப் போய்ச் சில்லுகளைப் பரிசோதித்த அக்காமார் நம் வட்டாரத்தில் பலர் உண்டு. உங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ கேட்டுப் பாருங்கள்.

சரி மாணவர்களே, இந்தச் சர்வர் செயலி நம் வீட்டில் எதற்கு? படிவம் 4 மாணவர்கள் சிலர் அண்மையில் இதே கேள்வியோடு வந்தார்கள். வீட்டிலுள்ள படங்களையும் காணொளிகளையும் ஒரே இடத்தில் சேமிக்க ஒரு கணினி செய்ய வேண்டும். வீட்டிலுள்ள எல்லாரும் தங்கள் கைப்பேசியிலிருந்தே அதை அடைய வேண்டும். இத்தகைய கணினியை 'நாஸ்' என்பார்கள். வலையமைப்பில் இணைந்த சேமிப்பகம் என்று பொருள். திரை வேண்டாம், விசைப்பலகை வேண்டாம். ஒரு மூலையில் இணையப் பெட்டிக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குச் சர்வர் செயலி வேண்டுமா, சாதாரணச் செயலி போதுமா என்பதுதான் அவர்களுடைய வாக்குவாதம்.

அதற்குப் பதில் சொல்லும் முன், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று பார்த்துவிடுவோம்.

நம் பெற்றோரில் பலர் கடேக், ரெம்பியா, புலாவ் செபாங், சிம்பாங் அம்பாட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. லயம் இல்லை, பிரட்டுக் களம் இல்லை, சில இடங்களில் கோயில்கூட இடம் மாறிவிட்டது. மிச்சம் இருப்பது படங்கள்தான். என் மாணவி ஒருத்தியின் தாத்தா, பால்வாளியும் உளியுமாக லயத்து வாசலில் நிற்கும் படம் ஒன்று இருந்தது. அச்சுப்படம் ஈரத்தில் ஒட்டிக் கிழிந்துவிட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே வருடிக் கணினியில் போட்டிருந்தார்கள். சில ஆண்டு கழித்துத் திறந்தபோது தாத்தாவின் முகம் இருந்தது. மார்புக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். உளியும் வாளியும் காணவில்லை.

ஏன் பாதிப் படம் மட்டும் போகிறது? நாம் பயன்படுத்தும் ஜேபெக் படம் சுருக்கி எழுதப்பட்ட ஒன்று. அதில் ஒவ்வொரு துண்டின் நீளமும் அதன் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும். ஒரு துண்டு எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். நடுவில் ஒரு பிட் தவறினால் போதும், அதற்குப் பிறகு வருவதையெல்லாம் கணினி தப்பாகப் படிக்கும். மணியில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மாலையே சரிவதைப் போல.

'புலனத்தில் இருக்கிறதே சார்' என்பார்கள். புலனம் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்; அது அசல் அல்ல. 'கூகல் இருக்கிறதே' என்றால், அங்கே வரம்பில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது இலவசம் 15 கிகாபைட்தான். அதற்கு மேல் மாதந்தோறும் கட்டணம். கட்டணம் கட்டுவது தப்பில்லை. ஆனால், கட்ட முடியாத மாதம் வந்தால் என்ன செய்வது என்று குடும்பம் யோசிக்கத்தானே வேண்டும்?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு படம் 4 மெகாபைட் என்று வையுங்கள். 20,000 படங்கள் என்றால் 80 கிகாபைட். 4 டெராபைட் வன்தட்டில் அது வெறும் 2 விழுக்காடு. காணொளி அதிகம் இடம் பிடிக்கும் என்றாலும், ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு 4 டெராபைட் தாராளம்.

வேகம்? வீட்டு வலையமைப்பின் கம்பி பொதுவாக நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுசெல்லும். 8 பிட் ஒரு பைட் என்பதால், அது நொடிக்கு 125 மெகாபைட். ஆகவே நொடிக்கு ஏறக்குறைய 31 படங்கள். இன்றைய வன்தட்டு ஒன்றே இதைவிட வேகமாகப் படித்துக் கொடுத்துவிடும். அப்படியானால் குறுகிய பாதை எது? கம்பி. செயலி அல்ல. எட்டு மையம், பதினாறு மையம் என்று விலை உயர்ந்த செயலியைப் போட்டாலும் அது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு சும்மாதான் இருக்கும். காணொளியை ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றித் தொலைக்காட்சிக்கு அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் வலு தேவை. அதற்கும் செயலிக்குள்ளேயே இருக்கும் வரைகலைப் பகுதி போதும்.

எனவே 'சர்வர் செயலி வேகமானது, அதனால் நல்லது' என்று வாதாடிய மாணவருக்கு இங்கே மதிப்பெண் இல்லை. ஆனால், அவர் பக்கத்தில் வேறொரு நியாயம் இருக்கிறது. சர்வர் செயலியின் உண்மையான சிறப்பு வேகத்தில் இல்லை. நினைவகத்தில் ஏற்படும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஆற்றலில் இருக்கிறது. அதை ஈ.சி.சி. என்கிறோம்.

நினைவகத்தில் பிழை எப்படி வரும்? 1970களின் பிற்பகுதியில் இன்டெல் பொறியியலாளர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். புதிய நினைவகச் சில்லுகளில் இருக்கும் 1 சில நேரம் 0 ஆகிவிடுகிறது. சில்லு கெட்டுப்போகவில்லை, மறுபடி எழுதினால் சரியாக வேலை செய்கிறது. இன்டெலில் இருந்த திமோத்தி மே என்ற இயற்பியலாளர் காரணத்தைக் கண்டுபிடித்தார். சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்கள் சில்லுக்குள் புகுந்து மின்னூட்டத்தைக் கலைத்துவிட்டன. கதிரியக்கப் பாடத்தில் 'ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும்' என்று எழுதுவீர்கள். உண்மைதான். ஆனால், உறையே ஆல்ஃபா துகளை வெளிவிட்டால் நடுவில் தாளை எங்கே வைப்பது?

உறையைத் தூய்மையாக்கிய பிறகும் விண்கதிர்களால் உண்டாகும் நியூட்ரான்கள் மிச்சம். அவற்றைக் கூரை தடுக்காது. 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்குப்பதிவு நடந்தது. வேட்பாளர் ஒருவருக்கு இருக்கவே முடியாத அளவு வாக்குகள் வந்திருந்தன. திரும்ப எண்ணிப் பார்த்ததில் கூடுதலாக வந்தவை சரியாக 4,096. இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குப் பொறி தட்ட வேண்டும். 2இன் 12ஆம் அடுக்கு அது! இரும எண்ணில் வலமிருந்து 13ஆவது பிட் 0இலிருந்து 1 ஆகியிருக்கிறது. விண்கதிர்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, அது ஊகம். ஒரு பிட் புரண்டது என்பது மட்டும் எண்ணிலேயே தெரிகிறது.

இது கோடியில் ஒரு சம்பவம் என்று நினைக்க வேண்டாம். கூகல் தன் சர்வர்களில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான நினைவகத் தகடுகளில் பிழை பதிவானது. விண்கதிரைவிடத் தகட்டிலேயே இருந்த குறைபாடுகளே அதிகக் காரணமாகத் தெரிந்தன. இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அந்தச் சர்வர்களில் ஈ.சி.சி. இருந்ததால் தெரிந்தது. நம் வீட்டுக் கணினியில் அதே நடந்தால் யாருக்கும் தெரியாது.

ஈ.சி.சி. எப்படி வேலை செய்கிறது என்பதை 25 பத்து சென் நாணயங்களை வைத்துச் செய்து பார்க்கலாம். வரிசைக்கு நான்காக, நான்கு வரிசையில் 16 நாணயங்களை விருப்பம்போல் பரப்புங்கள். எண் தெரியும் பக்கம் 1, மறுபக்கம் 0. இப்போது ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு நாணயம் கூடுதலாக வையுங்கள். அந்த வரிசையில் 1 இரட்டைப்படையாக வரும்படி அதைத் திருப்புங்கள். உதாரணத்துக்கு, வரிசை 1, 0, 1, 1 என்றால் மூன்று 1 இருக்கிறது. கூடுதல் நாணயம் 1ஆக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகவும் இதையே செய்யுங்கள். மூலையில் 25ஆவது நாணயம். இப்போது நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தம்பி ஏதாவது ஒன்றைத் திருப்பட்டும். கண்ணைத் திறந்து எண்ணினால், ஒரே ஒரு கிடைவரிசையும் ஒரே ஒரு செங்குத்து வரிசையும் ஒற்றைப்படையாகிவிட்டிருக்கும். இரண்டும் வெட்டும் இடத்தில் இருக்கிறது தம்பியின் குறும்பு. திருப்பி வைத்துவிடலாம். இரண்டு நாணயங்களைத் திருப்பினால் என்ன ஆகும்? தப்பு நடந்திருக்கிறது என்று தெரியும். எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செய்து பாருங்கள்.

இந்த எண்ணத்தை இன்னும் சிக்கனமாக்கியவர் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஹாமிங். வார இறுதியில் கணினியிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், பிழை கண்டதும் அவருடைய வேலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கும் அந்த இயந்திரம். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் ஏன் தெரியவில்லை என்று எரிச்சல்பட்டார். 1950இல் அவர் வெளியிட்ட குறிமுறைதான் இன்றைய ஈ.சி.சி.க்கு அடிப்படை. 64 பிட் தரவுக்கு 8 பிட் கூடுதல். ஒரு பிட் தவறினால் திருத்திவிடும். இரண்டு தவறினால் எச்சரிக்கும். ஆகவேதான் பொதுவாக, சாதாரண நினைவகத் தகட்டின் ஒரு பக்கத்தில் 8 சில்லுகள் இருந்தால் ஈ.சி.சி. தகட்டில் 9 இருக்கும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: டிடிஆர் 5 நினைவகங்கள் எல்லாவற்றிலும் சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டு. அது சில்லுக்குள் நடக்கும் பிழையைத்தான் பார்க்கும். சில்லிலிருந்து செயலிவரை உள்ள வழிக்குக் காவல் கிடையாது. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள்.

வன்தட்டுக்குத் தனிக் காவல் இருக்கிறது. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 'ரெய்டு' முறையை வெளியிட்டார்கள். ஒரு தட்டில் 5, இன்னொன்றில் 8, மூன்றாவதில் கூட்டுத்தொகை 13 என்று எழுதிவைத்தால், எந்தத் தட்டு செத்தாலும் மற்ற இரண்டை வைத்து அதை மீட்டுவிடலாம் அல்லவா? எளிமையாகச் சொன்னால் அவ்வளவுதான். இரண்டே தட்டு என்றால் ஒன்றைப் போலவே இன்னொன்று. ஆனால், இரண்டு தட்டிலும் வெவ்வேறாக இருந்தால் எது சரி? வெறும் ரெய்டுக்கு அது தெரியாது. இஸட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைகளுக்குத் தெரியும். எழுதும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைத்துக்கொள்கின்றன. படிக்கும்போது மறுபடி கணக்கிட்டு, ஒத்துப்போகும் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

இங்கேதான் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் முன்பே, படம் நினைவகத்தில் இருக்கும்போதே ஒரு பிட் புரண்டுவிட்டால்? கெட்டுப்போன படத்துக்கு மிகச் சரியான சரிபார்ப்பு எண் எழுதப்படும். பிறகு நூறு முறை சோதித்தாலும் 'எல்லாம் நலம்' என்றே வரும். தட்டுக்குக் காவல் போட்டவர் நினைவகத்துக்கும் காவல் போடுவதுதான் முறை.

அப்படியென்றால் செயலி தேர்வு எளிதாகிறது; ஈ.சி.சி. ஏற்கும் செயலிகளில் மலிவானது, மின்சாரம் குறைவாகக் குடிப்பது. சியோன்தான் என்றில்லை. இன்டெலின் கோர் ஐ3 செயலிகளில் 9ஆம் தலைமுறைவரை ஈ.சி.சி. இருந்தது, அதற்கேற்ற சர்வர் வகைத் தாய்ப்பலகை தேவை, அவ்வளவுதான். 10ஆம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். 12ஆம் தலைமுறையில் பல கோர் செயலிகளுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் 'டபிள்யூ 680' வகைத் தாய்ப்பலகையோடு மட்டும். தொழில்நுட்பக் காரணத்தைவிட வியாபாரக் காரணமே இதில் அதிகம் என்பது என் எண்ணம். ஏ.எம்.டி. ரைசன் செயலிகளில் பலவற்றுக்கு அந்த ஆற்றல் உண்டு, தாய்ப்பலகை இடம் கொடுத்தால்.

தாய்ப்பலகை இடம் கொடுக்கிறதா என்பதை எப்படி அறிவது? அதன் கையேட்டைப் படிக்க வேண்டும், வேறு வழியில்லை. 'ஈ.சி.சி. நினைவகத்தை ஏற்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். தகட்டைச் செருகலாம், ஓடும். ஆனால் திருத்தும் வேலை நடக்காது என்ற பொருளிலும் அப்படி எழுதுவார்கள். இன்னொரு பொறி, பழைய சர்வர் நினைவகம். மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை 'பதிவகம்' கொண்டவை. சிறிய பலகைகள் பெரும்பாலும் பதிவகம் இல்லாத ஈ.சி.சி. தகட்டைத்தான் ஏற்கும். ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

வன்தட்டை மாட்டும் 'சாட்டா' முனைகள் எத்தனை என்று பாருங்கள். நான்கு போதும், ஆறு இருந்தால் நல்லது. சில பலகைகளில் சிறிய எம்.2 சேமிப்புத் தகட்டைச் செருகினால் இரண்டு சாட்டா முனைகள் செயலிழந்துவிடும். இதுவும் கையேட்டில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். செயலியிலிருந்து வெளியே போகும் 'பிசிஐஈ' பாதைகளைச் சாலைத் தடங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த இன்டெல் என்100 செயலிக்கு 9 தடங்கள்தான். சர்வர் செயலிகளுக்குப் பல மடங்கு. நான்கு வன்தட்டுக்கு 9 தடம் போதும். என்100இன் வெப்ப அளவு 6 வாட்தான், விலையும் குறைவு. அது பொருத்திக் கடைகளில் கிடைக்கும் பலகைகளில் பொதுவாக ஈ.சி.சி. கிடையாது என்பதுதான் குறை.

வெப்ப அளவு என்றதும் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெட்டியில் '115 வாட்' என்று போட்டிருந்தால் அது எப்போதும் குடிக்கும் மின்சாரம் அல்ல. செயலி முழு மூச்சாக உழைக்கும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும் என்பதற்கான எண் அது. நம் நாஸ் நாளில் பெரும்பகுதி சும்மா இருக்கிறது. ஆகவே சும்மா இருக்கும்போது முழுக் கணினியும் எத்தனை வாட் இழுக்கிறது என்பதே முக்கியம். மின்கூடு, மின்விசிறி, வன்தட்டு எல்லாம் சேர்த்து.

பழைய இரட்டைச் செயலிச் சர்வர் ஒன்று சும்மா இருக்கும்போது 150 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 150 × 24 × 365 ÷ 1000 = ஆண்டுக்கு 1,314 யூனிட். ஒரு யூனிட் 50 சென் என்று கணக்கிட்டால் 657 ரிங்கிட். சிறு பலகையும் இரண்டு வன்தட்டும் சேர்ந்து 25 வாட் என்றால் 219 யூனிட், 109 ரிங்கிட் 50 சென். ஆண்டுக்கு 547 ரிங்கிட் 50 சென் வித்தியாசம். ஐந்து ஆண்டில் 2,737 ரிங்கிட் 50 சென். இருநூறு முந்நூறு ரிங்கிட்டுக்குக் கிடைத்த 'மலிவான' சர்வரின் உண்மை விலை அதுதான். அத்தோடு அதன் மின்விசிறி போடும் இரைச்சலில் பக்கத்து அறையில் பாட்டி தூங்க முடியாது.

'குறைந்த மின்சாரம், ஈ.சி.சி., நிறைய சாட்டா முனை, சின்னப் பலகை எல்லாம் ஒன்றாகக் கிடைக்காதா?' கிடைத்தது. அதன் கதை கொஞ்சம் சோகமானது. 2013இல் இன்டெல் ஆட்டம் சி2000 என்ற சர்வர் செயலிக் குடும்பத்தை வெளியிட்டது. அதில் சி2750 என்ற செயலிக்கு எட்டு மையம், வெப்ப அளவு வெறும் 20 வாட், ஈ.சி.சி. உண்டு. அதைப் பொருத்தி, 17 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் 12 சாட்டா முனைகளோடு அஸ்ராக் நிறுவனம் ஒரு தாய்ப்பலகை கொண்டுவந்தது. வீட்டில் நாஸ் செய்வோருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. உலகம் முழுக்க வாங்கினார்கள். ஆயத்தமாக விற்கும் நாஸ் பெட்டிகளிலும் வலையமைப்புக் கருவிகளிலும் அதே செயலிக் குடும்பம் போனது.

2017 தொடக்கத்தில் இன்டெல் தன் ஆவணத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்தது. செயலியிலிருந்து வெளியே போகும் ஒரு கடிகாரத் துடிப்பு காலப்போக்கில் நின்றுவிடலாம்; நின்றால் கணினி எழும்பாது. சிஸ்கோ நிறுவனம் ஏறக்குறைய 18 மாத உழைப்புக்குப் பிறகு இத்தகைய கோளாறு கூடிக்கொண்டே போகலாம் என்று தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டது. தனியாக மாற்ற முடியாது. ஒரு நாள் மின்சாரம் போய்வரும், பெட்டி மட்டும் எழுந்திருக்காது. பிறகு குறையைத் திருத்திய புதிய பதிப்பு வந்தது. சில உற்பத்தியாளர்கள் உத்தரவாதத்தை நீட்டித்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, செத்தது பலகைதான், வன்தட்டுகள் அல்ல. மென்பொருள்வழி ரெய்டு வைத்திருந்தவர்கள் தட்டுகளைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினார்கள், படங்கள் வந்துவிட்டன. தனி ரெய்டு அட்டை வைத்தவர்களுக்கு, அந்த அட்டை செத்தால் பொருத்தமான இன்னொரு அட்டையைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே தாய்ப்பலகையில் ரெய்டு அட்டை இருக்கிறதா என்று தேடாதீர்கள். இல்லாமல் இருப்பதே நல்லது.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. இடிமின்னல் அதிகமுள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மின்சாரக் கம்பி வழியாக மட்டுமல்ல, இணையக் கம்பி வழியாகவும் மின்னல் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நிற்கும். மின்கலத்தோடு கூடிய யு.பி.எஸ். ஒன்று நல்ல செயலியைவிட முக்கியம். அப்புறம் பல்லி. கணினிப் பெட்டியின் கதகதப்பைத் தேடி உள்ளே போய் மின்கூட்டில் உயிரைவிடும் பல்லிகளை எந்த நாட்டுக் கையேட்டிலும் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள். காற்றுத் துவாரங்களில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றுப் போகாது.

எவ்வளவு நல்ல பலகை வாங்கினாலும், தீயும் வெள்ளமும் திருட்டும் ஈ.சி.சி.யைப் பார்த்துப் பயப்படாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை அவற்றில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து, இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஒரு கட்டடம் போனாலும் நூல் போகாது. ஆகவே என்னிடம் வந்த மாணவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: கையில் உள்ள பணம் ஈ.சி.சி. பலகைக்கோ, அல்லது வேறொரு வீட்டில் வைக்க இன்னொரு வன்தட்டுக்கோ, இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வன்தட்டை வாங்குங்கள். என்100 பலகையும் சாதாரண நினைவகமும் வைத்து ஓட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பணம் இருந்தால், ஈ.சி.சி. ஏற்கும் பலகை, அதன் கையேட்டில் பெயர் குறிப்பிட்ட நினைவகத் தகடு, நான்கு மையச் செயலி. அதற்கு மேல் வேண்டாம்.

அவர்கள் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட 9ஆம் தலைமுறை ஐ3 சர்வரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஈ.சி.சி. உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று லினக்ஸில் சோதித்த பிறகே பணம் கொடுத்தார்கள். இரண்டாவது படியை மஸ்ஜித் தானாவில் இருக்கும் மாமா வீட்டில் வைப்பதாக ஏற்பாடு. 80 கிகாபைட்டை இணையத்தில் அனுப்பலாமா என்று கேட்டார்கள். நொடிக்கு 50 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் 12,800 நொடி, அதாவது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். சிம்பாங் அம்பாட்டிலிருந்து அப்பாவின் மோட்டாரில் வன்தட்டை எடுத்துப்போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதல் தடவை மோட்டார், அதன்பிறகு அன்றன்றைய புதுப் படங்கள் மட்டும் இரவில் இணையத்தில் போகட்டும் என்று முடிவாகியிருக்கிறது. மழைக்காலம் என்பதால் வன்தட்டுக்கு இரண்டு நெகிழிப்பை, நடுவில் ஒரு துண்டு.